நூல் கட்டாத முனை

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். கட்டிலில் ஆறுச்சாமி, இரண்டு கால்களும் மரத்துப்போய் நடக்க முடியாமல் கிடந்தவர். தலைமாட்டில் அவருடைய அண்ணன் கந்தசாமி. ஜன்னலோரம் நோட்டுப் புத்தகத்தோடு போலீஸ் ஏட்டு. எங்கள் டாக்டர். உள்ளே வராமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற வேலாத்தாள், ஆறுச்சாமிக்கு வாழ்க்கைப்பட்டு நான்கு மாதம் ஆனவள். கையில் கத்தரிக்கோலோடு நான். வேறு ஒருவரும் இல்லை. இதை ஏன் இத்தனை திருத்தமாகச் சொல்கிறேன் என்றால், அந்த அறையில் தானும் இருந்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்ட ஆட்கள் பன்னிரண்டு பேரை நானே எண்ணியிருக்கிறேன்.

கேரளத்துக் கொல்லங்கோட்டுப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு சின்ன சர்க்கார் ஆஸ்பத்திரியில் அட்டெண்டராக இருந்தவன் நான். ஏழாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பயந்த சுபாவம். பூட்டிய பீரோவைத் திரும்பப் போய் இழுத்துப் பார்ப்பேன். பஸ்ஸில் ஏறிய பிறகும் பூட்டினோமா என்று கை குறுகுறுக்கும். சாம்பிள் எடுக்கிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், ஒரு லேபிளை நான் ஐந்து தடவை படித்துக் காட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தீர்கள். பார்த்தேன். சிரியுங்கள். இன்றைக்கும் ஐந்து தடவைதான் படிப்பேன்.

நீங்கள் இப்போது லாரி டிரைவரின் முடியையும், வேலைக்குச் சேர வந்தவரின் முடியையும் வெட்டி உறையில் போட்டு அனுப்புகிறீர்கள். மூன்று மாதமாக அவர் போதைமருந்து எடுத்தாரா இல்லையா என்று முடி சொல்லிவிடும் என்கிறார்கள். சொல்லும், மறுக்கவில்லை. எழுபதுகளில் எங்கள் பக்கம் அந்த மருந்துகளை முடியில் தேட வசதி கிடையாது. பாஷாணத்தை, அதாவது ஆர்சனிக்கைத் தேடுவோம். ஆனால் கணக்கு ஒன்றுதான். உடம்புக்குள் போனது ரத்தத்தில் கலந்து, முடி முளைக்கிற இடத்தில் முடியோடு சேர்ந்துகொள்கிறது. மூத்திரத்தில் இருப்பது சில நாளில் போய்விடும், முடியில் ஏறியது போகாது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய அரை அங்குலம் வளர்கிறது. தோலை ஒட்டியிருக்கும் அரை அங்குலம் போன மாதத்துச் சங்கதி. நுனிக்குப் போகப் போகப் பழைய சங்கதி.

ஆகவே எது வேர்ப்பக்கம், எது நுனிப்பக்கம் என்று தெரியாமல் போனால் எல்லாம் போயிற்று. அதற்குத்தான் வெட்டுவதற்கு முன்பே வேர்ப்பக்கம் வெள்ளை நூலால் ஒரு கட்டுப் போட வேண்டும். கவனியுங்கள், வெட்டுவதற்கு முன்பே.

ஆறுச்சாமிக்கு உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. உள்ளங்கால் எரிச்சல், அப்புறம் மரமரப்பு, அப்புறம் நடை போயிற்று. டாக்டர் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாஷாணம் ஆணோ?" என்று, பாஷாணமாக இருக்குமோ என்கிற அர்த்தத்தில், தனக்குள்ளே மலையாளத்தில் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். கந்தசாமி காதில் விழுந்துவிட்டது. மறுநாளே ஏட்டு வந்துவிட்டார்.

"கண்ணாலத்துக்கு முன்னால என்ற தம்பி கல்லாட்டம் இருந்தானுங்க," என்றார் கந்தசாமி. "இவ கையில சோறு திங்க ஆரம்பிச்சுத்தான் இப்பிடிக் கெடக்கறான்."

"அதே சட்டிச் சோத்தைத்தானுங்க நானும் திங்கறேன்," என்றாள் வேலாத்தாள் வாசலிலிருந்து.

"கேட்டாப் பேசும்மா," என்றார் ஏட்டு, தலையைத் தூக்காமல்.

ஆஸ்பத்திரிக்கு வழக்கமாக வரும் நாவிதர் வந்து பார்த்துவிட்டு, அப்போதுதான் திரும்பிப் போயிருந்தார். ஆறுச்சாமியின் முடி பழனிக்கு நேர்ந்துகொண்டது. அங்கே மொட்டை போட்ட பிறகு ஒன்றரை வருடமாகக் கத்தி படாமல் ஒரு சாணுக்குக் குறையாமல் வளர்ந்து, பின்னந்தலையில் வாலாகத் தொங்கியது. அதன் நுனியை மஞ்சள் நூலால் சுற்றிக் கட்டி, அந்தக் கட்டோடு சாமிக்கு நேர்ந்த காசை ஒரு துணியில் முடிந்து வைத்திருந்தார். "முருகனுக்குன்னு உட்ட முடியை ஆஸ்பத்திரியில வெச்சு நான் கத்தரிக்க மாட்டனுங்க, என்ற பொழப்பே போனாலும் சரி," என்று நாவிதர் பெட்டியை மூடிவிட்டார். கத்தரிக்கோல் என் கைக்கு வந்தது அப்படித்தான்.

"வெட்டிக்கிங்க," என்றார் ஆறுச்சாமி. "ஆனா மஞ்ச நூலை மட்டும் அவுக்காதீங்க. அது சாமிக்குக் கட்டுனது."

காசு சாம்பிளோடு போகக் கூடாது என்று ஏட்டு சொன்னதால், துணி முடிச்சை மட்டும் பிரித்துக் கந்தசாமி கையில் கொடுத்தோம். நூல் அப்படியே இருந்தது. முருகனை நினைத்துக்கொண்டேன். வேலாத்தாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோலை ஒட்டி வெட்டினேன். முழு வாலும் உள்ளங்கையில் வந்து விழுந்தது, நூலோடு. காகிதத்தில் மடித்தேன். உறையில் போட்டேன். பெயர், வயது, தேதி, ஐந்து தடவை படித்தேன். படிவத்தில் "வேர்முனையில் நூல் கட்டப்பட்டதா?" என்று ஒரு வரி. "ஆம்" என்று எழுதினேன். கட்டுக்குள் ஒரு நூல் இருந்ததைக் கண் பார்த்திருந்தது. நூல் கட்டியாயிற்று என்று மனசு அடுத்த வேலைக்குப் போய்விட்டது. என் வெள்ளை நூல் உருண்டை என் சட்டைப்பையிலேயே இருந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து ஆய்வுக்கூடத்துக் கடிதம் போலீசுக்கும் எங்களுக்கும் ஒரே நாளில் வந்தது. எங்களுடையதைப் பிரிப்பதற்குள் போலீஸ் வந்துவிட்டது. வேலாத்தாள் குழாயடியில் புருஷன் வேட்டியை அலசிக்கொண்டிருந்தாள். பிழியக்கூட விடவில்லை. சொட்டச் சொட்ட அந்த வேட்டியைக் கல்லில் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

டாக்டர் கடிதத்தைப் படித்தார். வேர்முனையிலிருந்து இரண்டு அங்குலத்தில் பாஷாணம் மிகுதி. நுனிப்பக்கம் இல்லையென்றே சொல்லலாம். இரண்டு அங்குலம் என்றால் நான்கு மாதம். கல்யாணம் ஆகியும் நான்கு மாதம்.

"சார், எதை வெச்சு அதை வேர்முனைங்கறாங்க?" என்றேன்.

"எடோ, நூல் கெட்டினது பார்த்திட்டு. நீ தானே கெட்டினே?"

"என்ன நெறம்னு போட்டிருக்குதுங்களா சார்?"

அவர் விரல் காகிதத்தில் கீழே இறங்கி ஒரு வரியில் நின்றது. "மஞ்ஞ," என்றார்.

மஞ்சள் நூல் இருந்தது நுனியில். அவர்கள் நுனியை வேர் என்று எடுத்துக்கொண்டார்கள். அதாவது பாஷாணம் உள்ளே போனது ஒன்றரை வருடத்துக்கு முன்பு. அப்போது வேலாத்தாள் என்று ஒருத்தி இருப்பதே ஆறுச்சாமிக்குத் தெரியாது.

டாக்டருக்கும் புரிந்துவிட்டது. அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "தங்கவேலு, நீ இதை மிண்டாதே, வாயைத் திறக்காதே. போலீஸ் கொண்டு போயாச்சு, இனி அது கோர்ட்டுக் காரியம். அதில் என் கையொப்பு உண்டு, உன் கையொப்பும் உண்டு. அடுத்த மாசம் உன் வேலை ஸ்திரமாகப் போகுது, ஓர்மை இருக்கட்டும்."

"அந்தப் பொண்ணு?"

"வக்கீல் நோக்கிக்கும்."

வக்கீல் வைக்க அவளிடம் என்ன இருந்தது? இருந்தாலும், உங்களிடம் மறைக்க மாட்டேன், மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. சோறு இறங்கவில்லை. பயத்தில் எத்தனை ரகம் உண்டு என்று அந்த மூன்று நாளில் பார்த்தேன். வேலை போய்விடும் என்கிற பயம் ஒரு பக்கம் இழுத்தது. என்னை மாதிரிச் சந்தேகப்படாத ஒருவர் வெட்டியிருந்தால் இதைக் கண்டே பிடித்திருக்க மாட்டார்கள், கண்டுபிடித்த நான் சும்மா இருக்கிறேனே என்பது இன்னொரு பக்கம் இழுத்தது. இரண்டாவது பெரிதாயிற்று. பயந்தவனுக்குத் தைரியம் வராது என்று எவனாவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள். பெரிய பயம் வந்தால் சின்னப் பயம் ஒதுங்கி நிற்கும், அவ்வளவுதான்.

நான்காம் நாள் காலையில் ஆறுச்சாமியின் கட்டிலுக்குப் போனேன்.

"பழனியில மொட்டை போட்ட சமயத்துல என்னங்க சாப்புட்டீங்க?"

"சோறுதானுங்க."

"மருந்து?"

சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"உங்க சம்சாரம் ஜெயில்ல இருக்குதுங்க."

சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்கு மூச்சு இழுப்புங்க. சின்னதுல இருந்தே. அந்த மொட்டையே அதுக்குத்தான். மொட்டைக்கு ரெண்டு மாசம் முன்னால பொள்ளாச்சிச் சந்தையில ஒருத்தன் பொடி குடுத்தான், தேன்ல கொழைச்சுத் திங்கச் சொல்லி. ஆறு மாசம் தின்னேன். மூச்சு நல்லாத்தானுங்க இருந்துது. உள்ளங்கால் எரிய ஆரம்பிச்சதுக்கப்பறம் உட்டுட்டேன்."

"ஏட்டு கேட்டாரே, சொல்லியிருக்கலாமல்லங்க?"

"இழுப்புக்காரன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்? பொடி தின்னது அண்ணனுக்கே தெரியாதுங்க." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "அது மருந்துதானுங்களே? வெஷம் இல்லீங்களே?"

அந்த மனுஷருக்கு உண்மையாகவே தெரியவில்லை. ஓடிப் போய் ஏட்டிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "பொண்டாட்டிய மீட்க இப்ப எதை வேணாலும் சொல்லுவான்யா. முடி சொன்னது முடி சொன்னதுதான்."

சரி, முடியையே சொல்ல வைக்கிறேன் என்று பஸ் ஏறினேன். லீவு எழுதிக் கொடுக்கவில்லை. எழுதினால் கிடைக்காது. ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்ததும் அடுத்த கவலை பிடித்துக்கொண்டது. ஆய்வுக்கூடத்துக்குப் போய் நான் சொன்னால் நம்புவார்களா? வெட்டி எடுத்த ஒரு கத்தை முடியில் எது வேர், எது நுனி என்று யாருக்குத் தெரியும்? தெரிந்தே ஆக வேண்டிய தொழில் எது?

பாலக்காட்டில் இறங்கி நேரே கடைவீதிக்குப் போனேன். அங்கே சவுரி முடி விற்கிற ஒரு ராவுத்தர் கடை எனக்குத் தெரியும். ராவுத்தர் என் வழுக்கையை மேலும் கீழும் பார்த்தார். "வாங்குறதா இருந்தா சொல்லுங்க. விக்கிறதுக்கு உங்ககிட்ட ஒண்ணுமில்லையே."

விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு முடியை உருவி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, நீளவாக்கில் முன்னும் பின்னும் தேய்த்தார். முடி தானாக ஒரே பக்கமாக ஊர்ந்து போயிற்று, புழு மாதிரி. "எந்தப் பக்கம் ஓடுதோ அதுதான் வேரு. முடிக்கு மீன் மாதிரிச் செதிலு உண்டு பாருங்க. தலகீழா நாலு முடி சேந்துச்சுன்னா சவுரியே சிக்குப் புடிச்சிரும். அப்புறம் பொம்பளைங்க செருப்போட வருவாங்க, கடையைப் பூட்ட வேண்டியதுதான்."

இருபது முடி தேய்த்துப் பார்த்தேன். அவர் அலுத்துப்போய், "நம்பிக்கை வரலைன்னா இன்னும் ஒரு கத்தை தரட்டா?" என்றார். இன்னும் ஐந்து தேய்த்தேன். எல்லாம் ஒழுங்காக வேர்ப்பக்கமே ஓடின. ரயில் ஏறினேன்.

தெற்கே நகரத்து ஆய்வுக்கூடத்தில் இருந்த கெமிஸ்ட் ஓர் அம்மா. கறாரான முகம். "டாக்டரோட கடிதம் உண்டோ?"

"இல்லீங்க."

"போலீசோட கடிதம்?"

"இல்லீங்க."

"அப்போ நீ ஆரு?"

"அந்த முடியை வெட்டுனவன்."

நடந்ததைச் சொன்னேன். திட்டத்தான் வாயைத் திறந்தார் என்று நினைக்கிறேன். சவுரிக்கடைச் சங்கதி வந்ததும் நிறுத்திக்கொண்டார். எங்கள் உறையில் மிச்சமிருந்த பாதி முடியை, மஞ்சள் நூலோடு, எடுத்து வந்து மேஜையில் வைத்தார். நூலுக்குள்ளிருந்து ஒன்றை உருவி, நூல் இருந்த முனை எது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, விரலில் வைத்துத் தேய்த்தார். முடி நூல் இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஓடியது. இன்னொன்று. அதுவும். பத்து முடி. என்னைப் பார்க்கவே இல்லை அவர். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். நூல் இருந்த முனை தேய்ந்து பிளந்திருந்தது. மற்ற முனை சதுரமாக, நான் வெட்டிய வெட்டு.

"ஈ ரிப்போர்ட்டில் கையொப்பு இட்டது நான்," என்றார் மெதுவாக. அப்புறம் ஒரு வெள்ளைக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "நீ சொன்னதை எழுதித் தருமோ? எழுதினா உன் ஜோலிக்கு ஆபத்து. எழுதாம இதை நான் திருத்த முடியாது."

எழுதினேன். வேர்முனையில் நான் நூல் கட்டவில்லை, கட்டியதாக எழுதியது தவறு, தவறு என்னுடையது, அந்தப் பெண்ணுடையது அல்ல. நாலு வரியில் ஆறு பிழை இருந்திருக்கும். பெயரை மட்டும் பிழையில்லாமல் போட்டேன்.

மிச்ச முடியை வேரிலிருந்து வரிசையாகத் துண்டு போட்டு, கழுவி, மறுபடி சோதித்தார்கள். கழுவுவதையும் சொல்லிவிடுகிறேன், அதை நீங்கள் மறக்கக் கூடாது. வெளியிலிருந்து முடியில் ஒட்டிய தூசும் கணக்கில் ஏறிவிடும். கழுவாமல் சோதித்தால் பூச்சிமருந்து அடிக்கிற கூலிக்காரரெல்லாம் குற்றவாளி. புதிய அறிக்கையில் நுனித் துண்டுகளில் பாஷாணம் மிகுதி, நடுவிலிருந்து வேர் வரை இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு முளைத்த முடி சுத்தமாக இருந்தது. ஆறுச்சாமி இழுப்பைப் பற்றிச் சொன்னதையும் இப்போது ஏட்டு எழுதிக்கொண்டார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

பதினெட்டாம் நாள் வேலாத்தாளை விட்டார்கள். அதில் மூன்று நாள் என் பயம் தின்றது. அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள், புருஷனைப் பார்க்க என்று நினைத்தேன். அவர் கட்டிலடியில் இருந்த தன் பித்தளைத் தூக்கை எடுக்க வந்திருந்தாள்.

"அம்மிணி, என்னை மன்னிச்சிருங்க," என்றேன். "நூலு கட்டாம உட்டுட்டேன்."

நின்று பார்த்தாள். "நூலுக்கு வாயில்லீங்க, உடுங்க. கட்டில்ல கெடக்கற ஆளுக்கு இருந்துதல்ல? அவுரு தொறந்திருந்தா இந்த முடியெல்லாம் எதுக்குங்க?"

கோபாலபுரம் போகிற பஸ்ஸில் ஏறித் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வரவில்லை. ஆறுச்சாமி கோலை ஊன்றி நடக்கிற அளவுக்குத் தேறினார். என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்ப்பார்.

அவள் சொன்னதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். முடியைத் தொடுமுன் ஆளிடம் கேளுங்கள். என்ன மருந்து, யார் கொடுத்தது, எதற்காக, எவ்வளவு நாள். அவர் சொல்லத் தயங்கினால் தனியாகக் கேளுங்கள், அண்ணனையும் ஏட்டையும் வெளியே அனுப்பிவிட்டு. அறையில் ஆறு பேரை வைத்துக்கொண்டு எவன் தன் இழுப்பைச் சொல்வான்? உள்ளே என்ன போனது என்று முடி சொல்லும், ஏறக்குறைய எப்போது என்றும் சொல்லும். யார் கையிலிருந்து போனது என்று எந்த முடியும் சொன்னதில்லை. உங்கள் பெரிய மெஷினும் சொல்லாது. ரிசல்ட் வந்துவிட்டது, இனி நமக்கென்ன என்று யாராவது கதவைச் சாத்தினால் திறந்துகொண்டு வெளியே வாருங்கள். அறிக்கையில் எழுதியிருக்கிறது என்பதற்காக நுனி வேராகிவிடாது.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மெமோ வந்தது. வேலை ஸ்திரமாக இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று. டாக்டர் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் அதற்கப்புறம் எந்த முடி உறை வந்தாலும், வெள்ளை நூலைத் தன் விரலால் தொட்டுப் பார்க்காமல் அவர் கையெழுத்துப் போட்டதில்லை.

ஊருக்குத் திரும்பியதும் பயணப்படிக்கு பில் எழுதினேன். பஸ், ரயில், ஒரு வேளைச் சாப்பாடு. "அனுமதியின்றிச் சென்ற சொந்தப் பயணம்" என்று மேலாபீஸ் திருப்பி அனுப்பியது. கிளார்க் நல்ல மனுஷர். "பில்லை வாபஸ் வாங்கிக்கோ தங்கவேலு, சொந்த வேலையாப் போனேன்னு ஒரு வரி எழுதிக் குடு, மெமோவையும் சேர்த்து மூடிடலாம்," என்றார். சொந்த வேலையா? சர்க்கார் உறையில், சர்க்கார் படிவத்தில், சர்க்கார் கத்தரிக்கோலால் செய்த தப்பைத் திருத்தப் போனது என் சொந்த வேலையா? அந்த வரியை எழுத மாட்டேன் என்றேன். ரிட்டயர் ஆகிறவரை வருஷா வருஷம் அதே பில்லைத் திரும்ப அனுப்பினேன். வருஷா வருஷம் திரும்பி வந்தது. சர்க்கார் எனக்கு இன்னும் பதினான்கு ரூபாய் அறுபது காசு தர வேண்டும்.